டிரைவரைத் திட்டினால் குடும்பம் தேறும்

டூர் வண்டி ஓட்டுறவனுக்குக் கண்ணு ரோட்டுல இருக்கணும், காது பின் சீட்டுக்குப் போகக்கூடாதுன்னு சொல்லித்தான் எனக்குத் தொழில் கத்துக்கொடுத்தாங்க. முதல் பாதியை இன்னிக்கு வரைக்கும் ஒழுங்காச் செய்யுறேன், ரெண்டாவது பாதி எந்த டிரைவராலயும் முடியாது.

என் பேரு இசக்கிமுத்து. தாராவியில வீடு. பதினேழு சீட் வண்டி ஒண்ணு வச்சுப் பதினெட்டு வருஷமா ஓட்டுறேன். மே மாசம், தீபாவளி, கிறிஸ்துமஸ் லீவு, இந்த மூணும் வந்துட்டா எனக்கு வீட்டுச் சோறு கிடையாது. மாட்டுங்கா, செம்பூர், திலக் நகர், லேபர் கேம்ப்னு நம்ம ஆளுங்க குடும்பம் குடும்பமா ஏறுவாங்க. ஷீரடி, லோணாவளா, மகாபலேஷ்வர். ஏறும்போது எல்லார் முகத்துலயும் சிரிப்புதான். வாஷி பாலம் தாண்டுறதுக்குள்ள யாராவது ஒருத்தர் "நான் அப்பவே வரலேன்னு சொன்னேன்"னு ஆரம்பிச்சிருவாங்க. உங்களுக்குத் தெரியாததா? நீங்களும் மாமியார், மச்சினன், சித்தப்பா பிள்ளைங்களோட ஒரே வண்டியில அடைஞ்சு போய் அவஸ்தைப்பட்டவங்கதானே. நீங்க உட்கார்ந்து பட்டீங்க, நான் ஓட்டிப் பட்டேன்.

அடுத்தவங்க குடும்பத்தையெல்லாம் சண்டையில்லாம கொண்டுவந்து இறக்கிவிட்டவன்னு எனக்கு ஒரு மிதப்பு. அந்த மிதப்போடதான் போன தீபாவளிக்கு எங்க வீட்டையே ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன். என் பொண்டாட்டி சொர்ணமும், என் தம்பி செல்லத்துரையோட பொண்டாட்டி ராணியும் அஞ்சு மாசமாப் பேச்சுவார்த்தை கிடையாது. நாங்க கீழே, அவங்க மாடி, வாசல் ஒண்ணுதான். தம்பிக்கு ஐரோலியில வேலை. அங்கேயே ரூம் பார்த்து வச்சுட்டான், லீவு முடிஞ்சதும் தனியாப் போறதா முடிவு. அதுக்குள்ள ஒரு டூர் போய் ரெண்டு பேரையும் பேச வச்சிரணும்னு எனக்கு. அந்தக் கதைக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி இந்தத் தொழில்ல நான் படிச்ச பாடத்தைச் சொல்லிக்கிடுறேன், அப்பத்தான் நான் பண்ணின கூத்து உங்களுக்குப் புரியும்.

முன் சீட்டு மாப்பிள்ளை

டிரைவர் பக்கத்துல யார் உட்காருறதுங்கிறதுதான் முதல் கண்டம். மாட்டுங்காவுல ஒரு பாலக்காட்டுக் குடும்பம், மகாபலேஷ்வர் பார்ட்டி. மாப்பிள்ளை பேங்க்ல பெரிய வேலை. போன்ல மேப்பைப் போட்டுக்கிட்டு முன்னாடி ஏறிட்டார். மாமனார் ரிட்டயர் ஆன மனுஷர், எனக்கு நேர் பின்னாடி. மாப்பிள்ளை "லெஃப்ட்"னா மாமனார் "ரைட்டு, ரைட்டு! இந்த ரோட்டைப் போடறச்சேயே நான் பார்த்திருக்கேன்"ம்பார். நடுவுல போனுக்குள்ள இருக்கிற பொம்பளை வேற தனியா ஒரு வழி சொல்லுது. அந்த ரோட்டுல ஆயிரம் தடவை போனவன் நான். என்னை ஒருத்தரும் கேட்கலை பாருங்க.

பன்வெல் வரும்போது ரெண்டு பேர் குரலும் ஏறிப்போச்சு. ஒருத்தருக்கு மகளும் இன்னொருத்தருக்குப் பொண்டாட்டியுமான அந்தப் பொண்ணு வாயைத் திறக்காம நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பாக்கெட்டை முழுசாத் தின்னு தீர்த்துருச்சு. கடைசியா மாமியார் எழுந்து வந்து என் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு நிதானமாச் சொன்னாங்க: "டிரைவர், நீங்க உங்களுக்குத் தெரிஞ்ச வழியில போங்கோ. இவா ரெண்டு பேரையும் இங்கேயே இறக்கி விட்டுடுங்கோ, வழியைக் கண்டுபிடிச்சிண்டு பின்னாடி வரட்டும்."

ஜன்னல் யாருக்கு?

ஜன்னல் சீட்டுக்குப் பிள்ளைங்கதான் சண்டை போடும்னு நினைக்காதீங்க. பிள்ளைங்களுக்குப் போன் போதும். சண்டையெல்லாம் அறுபது வயசுக்கு மேலதான். திலக் நகர் பார்ட்டி ஒண்ணு, அண்ணன் தம்பி மூணு பேர், மூணு பேருக்கும் தலை நரைச்சாச்சு. மூணு பேருக்கும் இடது பக்கம் ரெண்டாவது ஜன்னல்தான் வேணும். வலது பக்கம் வெயில் அடிக்குமாம், முன்னாடி குலுக்குமாம், பின்னாடி குமட்டுமாம்.

நான் ஒரு சட்டம் போட்டேன். ஒவ்வொரு டோல் நாக்கா வரும்போதும் ஜன்னல் கைமாறணும். எல்லாரும் சம்மதிச்சாங்க. முதல் டோல் வரைக்கும் பெரியவர். அப்புறம் ரெண்டாவது தம்பி. அரை மணி நேரம் சத்தமே இல்லை, அப்பாடான்னு ஓட்டிக்கிட்டு இருந்தேன். பெரியவர் மெதுவா முன்னாடி நகர்ந்து வந்து என் காதுக்குள்ள கேட்டார்: "டிரைவர், அடுத்த டோல் இன்னும் எவ்வளவு தூரம்? அவன் ஜன்னல்ல உட்கார்ந்துண்டு வேணும்னே தூங்கறான்."

இட்லித் தீர்ப்பு

லேபர் கேம்ப்ல அக்கா தங்கச்சி நாலு பேர், வீட்டுக்காரங்க பிள்ளைங்களோட ஷீரடி போனாங்க. நம்ம ஊர் ஆளுங்க, தூத்துக்குடிப் பக்கம். யாரு சாப்பாடு கொண்டுவாறதுன்னு பேசிக்கிடாம நாலு பேரும் எல்லாருக்குமா இட்லி அவிச்சு, மிளகாய்ப் பொடி தடவிக் கொண்டுவந்துட்டாங்க. நாலு பெரிய டப்பா இட்லி! எவ இட்லியை முதல்ல பிரிக்கிறதுன்னு வந்துச்சு பாருங்க. மூத்தவ டப்பாவைத் திறந்தா இளையவளுக்கு மூஞ்சி தொங்குது. வீட்டுக்காரங்க நாலு பேரும் பீடி வாங்கப் போறோம்னு இறங்கிப் போயிட்டாங்க, திரும்பி வரலை.

நாட்டாமை பண்ண நான்தான் மாட்டினேன். நாலு டப்பாவுலயும் நாலு நாலு இட்லி. பதினாறு இட்லியை முழுங்கிட்டு, நல்ல பேரு வாங்குவோம்னு "நாலும் ஒண்ணு போல இருக்கு தாயீ"ன்னேன். அவ்வளவுதான். அது வரைக்கும் ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்க்காத நாலு பேரும் ஒரே பக்கம் சேர்ந்துட்டாங்க. மூத்தவ இடுப்புல கையை வச்சுக்கிட்டுக் கேட்டா: "ஏன் அண்ணாச்சி, பதினாறு தின்னுட்டு ருசி தெரியலேங்கீரே, உமக்கு வாயா அது, இல்லே டீசல் டேங்க்கா?"

லோணாவளா போகாத வண்டி

இப்ப சொல்லப்போறதுதான் என் தொழில் வாழ்க்கையில பெரிய திருப்பம். செம்பூர்க் குடும்பம். அம்மா, மகன், மருமகள், மருமகளோட அம்மா. லோணாவளாவுல ரெண்டு நாள். மருமகள் ஆபீஸ் லேப்டாப்பைக் கொண்டுவந்துட்டா. "லீவுக்கு வந்த இடத்துலயுமா?"ன்னு மாமியார் ஆரம்பிச்சாங்க. "உங்க பிள்ளை மட்டும் போன்ல மேட்ச் பார்க்கலாமா?"ன்னு சம்பந்தியம்மா எடுத்துக்கொடுத்தாங்க. மகன் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுத் தூங்கினான். தூங்குறவன் அப்படி எச்சில் முழுங்க மாட்டான், எனக்குத் தெரியும்.

சண்டை ரொம்ப சுவாரசியமாப் போய்க்கிட்டு இருந்துச்சு. கேட்டுக்கிட்டே வந்தவன் லோணாவளா எக்ஸிட்டை விட்டுட்டேன். எக்ஸ்பிரஸ்வேயில விட்டா விட்டதுதான், ரொம்ப தூரம் போய்த்தான் திரும்பி வரணும். விஷயம் தெரிஞ்சதும் மூணு பொம்பளைங்களும் ஒரே குரல்ல பிடிச்சாங்க. "எங்க பார்த்துண்டு ஓட்டறேள்?"னு மாமியார். "நன்னாக் கேளுங்கோம்மா"ன்னு மருமகள். சம்பந்தியம்மா என் லைசென்ஸையே கேட்டாங்க! திட்டி முடிச்ச களைப்புல மூணு பேரும் ஒரே பிளாஸ்க்ல காபி குடிச்சு, ஊர்ல உள்ள டிரைவருங்களைப் பத்திப் பேசிக்கிட்டே வந்தாங்க. லேப்டாப் பேச்சே அப்புறம் வரலை.

எனக்கு அவமானமாப் போச்சு. டீக்கு நிறுத்தினதும் ஒதுங்கி நின்னேன். அந்த மகன் ரெண்டு டீயோட என்கிட்ட வந்தான். அம்மா கேட்கிறாங்களான்னு திரும்பிப் பார்த்துக்கிட்டான். குரலைத் தணிச்சுச் சொன்னான்: "அண்ணா, நாளன்னைக்குத் திரும்பி வரச்சேயும் ஒரு தடவை இப்படித் தப்பாப் போக முடியுமா?"

தொழில் ரகசியம்

அன்னிக்குப் பிடிச்சேன் சூத்திரத்தை. வண்டிக்குள்ள சண்டை முத்துதுன்னு தெரிஞ்சா ஒரு சின்ன திருப்பத்தை வேணும்னே விட்டுருவேன். அஞ்சு கிலோமீட்டருக்கு மேல போக மாட்டேன். பாத்ரூம் போகணும்னு சொல்ற பிள்ளை இருந்தா செய்ய மாட்டேன். மத்தபடி, எல்லாரும் சேர்ந்து திட்டுறதுக்கு ஒரு ஆள் கிடைச்சுட்டா எந்தக் குடும்பமும் ஒண்ணாயிரும். நானே பல தடவை பார்த்துட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுல உட்கார்ந்து இதையெல்லாம் சொர்ணத்துக்கிட்டப் பெருமையா நடிச்சுக் காட்டுவேன். மாடிப்படியில ராணியும் கேட்டுச் சிரிப்பா. அப்ப ரெண்டு பேரும் நல்லாத்தான் இருந்தாங்க. இப்படிச் சொல்லிக் காட்டினது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்னு பின்னாலதான் தெரிஞ்சுது.

ஸ்டாண்டுல என் பேரும் நாறிப்போச்சு. கூட ஓட்டுற சங்கரலிங்கம் ஒரு நாள் எல்லார் முன்னாலயும் கேட்டான்: "ஏலே இசக்கி, பதினெட்டு வருஷமா வண்டி ஓட்டுத, லோணாவளா எங்கன இருக்குன்னு நான் வேணா ஒரு நாள் கூட்டிட்டுப் போய்க் காட்டட்டுமா?"

எங்க வீட்டு டூர்

இப்ப எங்க வீட்டுக் கதை. அந்தச் சண்டையும் பயணத்துலதான் வந்துச்சு. மே மாசம் ரயில்ல ஊருக்குப் போனோம். ராணி புளிசாதம் கட்டிக்கொண்டுவந்தா. எதிர் சீட்டு அம்மா ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டுட்டு "பேஷ்"னாங்க. சொர்ணம் சும்மா இருந்திருக்கலாம். "நான் காய்ச்சினா இன்னும் நல்லாருக்கும், இவளுக்கு உப்புக் கை வராது"ன்னுட்டா. முன்னே பின்னே தெரியாத நாலு பேர் முன்னாடி! ராணி டப்பா மூடியையும் வாயையும் சேர்த்து மூடினவதான். அன்னியிலேருந்து தண்ணி மோட்டார் போடணும்னாலும் ராணி பெத்த ஆறு வயசு மீனுதான் மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் நடையா நடந்து சேதி சொல்லுவா. செல்லத்துரை வாயில்லாப் பூச்சி. "நான் என்னண்ணே செய்ய?"ம்பான். அவன் பொறந்ததுலேருந்து நாங்க பிரிஞ்சு இருந்ததே இல்லை. ஐரோலி ஒண்ணும் அமெரிக்கா இல்லைதான், ஆனாலும் எனக்கு மனசு ஒப்பலை.

தீபாவளிக்கு மறுநாள் விடிய மகாபலேஷ்வர் கிளம்பினோம். பதினேழு சீட்டுல அஞ்சு பேர். சொர்ணம் முதல் வரிசையில, ராணி கடைசி வரிசையில. நடுவுல தம்பி தவிர எல்லாம் காலி. மீனு பாதி இந்தி, பாதி தமிழ்ல சேதி சொல்லிக்கிட்டு அங்கேயும் இங்கேயும் ஓடினா. "பெரியம்மா, மம்மி பூச் ரஹீ ஹை, ஏ.சி. கம்மி பண்ணலாமா?" "உங்க மம்மிக்குக் குளிருச்சுன்னா ஸ்வெட்டர் போடச் சொல்லு." செல்லத்துரை வாந்தி மாத்திரையைப் போட்டுக்கிட்டு வாஷி வரும் முன்னாடியே படுத்துட்டான். அவன் நடிக்கலை, நிஜமாவே தூங்கிட்டான்.

மலை ஏறுறதுக்குக் கொஞ்சம் முன்னால, கரும்புத் தோட்டத்துப் பக்கம் பிரியுற ஒரு சின்ன ரோட்டுல என் அஸ்திரத்தை எடுத்து விட்டேன். "ஐயையோ, தப்பா வந்துட்டேனே!"ன்னு தலையில கூட அடிச்சுக்கிட்டேன். ஒருத்தரும் திட்டலை. கண்ணாடியில பார்க்கிறேன், முன் வரிசையில சொர்ணம் உதட்டைக் கடிச்சுக்கிட்டு வெளியே வேடிக்கை பார்க்கிறா. கடைசி வரிசையில ராணியும் அப்படியே. ரெண்டு பேருக்கும் என் வித்தை தெரியும், நான்தானே சொல்லிக்கொடுத்தேன்! எனக்கு ரோசம் வந்துருச்சு. பார்த்துருவோம்னு இன்னொரு திருப்பம் திருப்பினேன். அப்புறம் இன்னொண்ணு. எவ்வளவு நேரம்தான் திட்டாம இருப்பீங்க?

பக்கத்துல உட்கார்ந்திருந்த என் மக திவ்யா போனை ஆட்டிப் பார்த்துட்டு, "பப்பா, நெட்வொர்க் இல்ல. அந்த போர்டுல மராத்தியில என்னமோ கிராமம் போட்டிருக்கு, மகாபலேஷ்வர் இல்ல"ன்னா. அப்பத்தான் சுத்திப் பார்த்தேன். ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் வாய்க்கால். எந்தப் பக்கத்துலேருந்து வந்தேன்னு எனக்கே பிடிபடலை. இன்னும் கொஞ்சம் போனா ரோடு பூட்டின பம்பு ரூம் முன்னாடி போய் முடிஞ்சே போச்சு.

"போதும் நடிச்சது, திருப்புங்க"ன்னா சொர்ணம்.

"நடிக்கலடி."

"பின்னே?"

"நிஜமாவே வழி தெரியல, சொர்ணம்."

கடைசி வரிசையிலேருந்து ஒரு சத்தம். ராணி வாயைப் பொத்திக்கிட்டு அடக்கிப் பார்க்கிறா, முடியலை, விழுந்து விழுந்து சிரிக்கிறா. அதைக் கேட்டு சொர்ணத்துக்கும் வந்துருச்சு. ஆளுக்கு ஒரு மூலையில உட்கார்ந்து கண்ணுல தண்ணி வரச் சிரிக்குறாளுங்க. நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு முழிக்கிறேன்.

திருப்ப இடமில்லை, அவ்வளவு தூரமும் ரிவர்ஸ்லதான் வரணும். கரும்புத் தோகை கண்ணாடியை மறைக்குது. தம்பியை உலுக்கினேன், "ஊர் வந்துட்டா?"ன்னு கேட்டுட்டு மறுபடி படுத்துட்டான். திவ்யா மீனுவைப் பிடிச்சுக்கிட்டா. வேற வழியில்லாம சொர்ணம் இறங்கி வாய்க்கால் பக்கம் நின்னா, ராணி கரும்புப் பக்கம் நின்னா. நான் அங்குலம் அங்குலமாப் பின்னால வர்றேன். அப்பத்தான் அந்தக் குரல் கேட்டுச்சு.

"அக்கா, உங்க பக்கம் எவ்வளவு இருக்கு?"

"ஒரு சாண்தான் இருக்கு ராணி. உன் பக்கம் வரச் சொல்லு."

அஞ்சு மாசத்துக்கு அப்புறம் முதல் பேச்சு. பேசிட்டோம்னு அவளுங்களுக்கே தெரியலை. எனக்குத் தெரிஞ்சுது. பிரேக்கை மிதிச்சு வண்டியை நிறுத்திட்டேன், கண்ணு கலங்கிட்டு. அதுக்கும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் கத்துனாளுங்க: "நடுவுல நிறுத்தி என்னத்த யோசிக்கீங்க, வாங்க பின்னால!"

மெயின் ரோட்டுக்கு வழி காட்ட ஒரு டிராக்டர்காரர் வந்தார். வண்டி வெளியே வந்ததும், அவர் வர்ற வரைக்கும் மரத்தடியில உட்கார்ந்தோம். ராணி பைக்குள்ளேருந்து டப்பாவை எடுத்தா. புளிசாதம்! திறக்கிறதா வேண்டாமான்னு ஒரு நிமிஷம் அப்படியே வச்சிருந்தா. சொர்ணம்தான் வாங்கித் திறந்து ஒரு வாய் வச்சா. நான் குலசாமியைக் கும்பிட்டுக்கிட்டேன். "உப்பு சரியா இருக்கு"ன்னா. அதோட நிறுத்தியிருக்கலாம். "பெருங்காயம்தான் இன்னும் ஒரு சிட்டிகை..."ன்னு இழுத்தா. எனக்கு உயிரே போச்சு. ராணி கையை ஓங்கி அவ தொடையில ஒரு அடி போட்டு, "உங்க வாய் மட்டும் சும்மா இருக்காதுக்கா"ன்னு மறுபடி சிரிச்சா. சொர்ணம் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது ராணி"ன்னா. அதுக்குமேல ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசலை. மலை ஏறும்போது ஒரே சீட்டுல உட்கார்ந்து, நான் கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துக்கு வழி தெரியாம லேட்டா வந்தது வரைக்கும் தோண்டி எடுத்துட்டாளுங்க. மீனு நிம்மதியாத் தூங்கினா.

ஊர் திரும்பின மறுநாள் செல்லத்துரை கீழே வந்தான். "ஐரோலிக்கு எப்ப சாமான் ஏத்தணும்?"னு நான் அவனைப் பார்க்காமலேயே கேட்டேன். அவன் மாடியைப் பார்த்தான். படியில நின்னுக்கிட்டு ராணி பதில் சொன்னா: "சாமான் ஏத்த அத்தான் வண்டியைத்தான் நம்பி இருந்தோம். இவிய கொண்டுபோனா பீரோ ஒரு ஊர்லயும் கட்டில் ஒரு ஊர்லயும்லா இறங்கும்? எங்கயும் போகலை, அக்காகிட்ட மோட்டாரைப் போடச் சொல்லுங்க."

பதினெட்டு வருஷமா வழி தெரிஞ்சவன்னு வீட்டுக்குள்ளயாவது நான் வாங்கி வச்சிருந்த பேரு அந்தக் கரும்புத் தோட்டத்தோட போச்சு, அது போனதாலதான் என் தம்பி போகலை.